வாயிற் காசும் வாலிபர் கூட்டமும்

உதைபந்தாட்டத்தைப் பற்றி இப்பத்தியில் எழுதுவது நமது வழக்கமன்று. நாட்டில் எழுதித் தீராத வழக்குகள் குவிந்து கிடக்கையில் ஆசிரியர் பந்தின் பின்னே ஓடத் தொடங்கிவிட்டாரே என்று வாசகரிற் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். ஊரார் கூடி வளர்த்த ஒரு பொருள் யாருக்குரியது? அதன் வாயிலில் நின்று காசு வாங்குகிறவன் எவ்வளவு வாங்கலாம்? அந்தக் காசைக் கொடுக்க வகையில்லாத இளைஞன் எங்கே போவான்? இம்மூன்றும் அரசியல் வினாக்களே. இவற்றுக்கு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு கம்பளி நகரம் 2007ஆம் ஆண்டிற் கொடுத்த விடை நாமும் எடுத்து ஆராயத் தக்கது.

அந்நகரம் பிராட்போர்ட். யோர்க்ஷயர்ப் பகுதியின் ஆட்டுமயிரை நூலாக்கி உலகெங்கும் விற்று வாழ்ந்த ஊர். அங்கே மனிங்ஹாம் ஆலைத் தொழிலாளர் 1890ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டிலே தோல்வியில் முடிந்தது. ஆயினும் அத்தோல்வியின் சூடு தணியுமுன்னரே, 1893இல், சுயாதீனத் தொழிற் கட்சி அதே நகரிற் பிறந்தது. அதே மனிங்ஹாமில் றக்பி ஆடிவந்த கழகமொன்று 1903இல் உதைபந்தாட்டத்துக்கு மாறி, பிராட்போர்ட் சிற்றி என்னும் பெயர் பூண்டது. 1911இல் எப். ஏ. கிண்ணத்தை வென்றது. அதன் பின் கண்ட ஏற்ற இறக்கங்கள் பல. 1985 மே மாதம் 11ஆந் திகதி அதன் வலி பரேட் மைதானத்து மரக் கொட்டகை ஆட்டத்தின் நடுவே தீப்பற்றிச் சில நிமிடங்களில் எரிந்து, 56 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1999இல் மேற்பிரிவுக்கு ஏறிய கழகம் 2001இல் இறங்கிற்று. பெரிய ஆட்டக்காரருக்குப் பெரிய சம்பளம் கொடுத்த பாவத்தால் 2002இலும் 2004இலும் கடன்பட்டு நொடித்துச் சட்ட நிருவாகியின் கையிற் சிக்கிற்று. 2007இல் நான்காம் பிரிவில், அதாவது லீக்கின் ஆகக் கீழ்ப்படியில், வந்து விழுந்தது.

விழுந்த கழகம் வழக்கமாக என்ன செய்யும்? வருமானம் குறைந்தது என்று அழும். எஞ்சியுள்ள விசுவாசிகளிடம் இன்னுங் கொஞ்சம் கறக்கும். பிராட்போர்ட் இதற்கு நேர்மாறாக நடந்தது. பருவம் முழுவதற்குமான சீட்டின் விலையை வளர்ந்தவர்களுக்கு 138 பவுணாக இறக்கிற்று. உள்ளூரில் நடக்கும் லீக் ஆட்டங்கள் 23; ஆகவே ஆட்டமொன்றுக்கு 6 பவுண். இங்கிலாந்தில் அக்காலத்திற் படமாளிகைக்குப் போகும் செலவை ஒத்த தொகை இது. விளைவு யாது? முந்திய பருவத்தில், ஒரு படி மேலேயிருந்த காலத்தில், சராசரி 9,000 பேரும் வராத அந்த மைதானத்துக்கு, ஒரு படி கீழே இறங்கிய பின் சராசரி 13,000 பேருக்கு மேல் வந்தனர். கழகம் தாழ்ந்தது, கூட்டம் உயர்ந்தது. ஆண்டுகள் சென்ற பின்னும், 2015இல், 149 பவுண் என்னும் விலையிற் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியிலேதான் மூன்றாம் பிரிவிலிருந்த பிராட்போர்ட், செல்சியை அதன் சொந்த மைதானத்திலே 4க்கு 2 என்ற கணக்கில் வென்று நாட்டையே வாய்பிளக்க வைத்தது. மலிவுச் சீட்டுத்தான் அந்த நான்கு கோல்களையும் அடித்தது என்று நாம் வாதாட வரவில்லை. மலிவாக விற்றால் கழகம் மலிந்துபோகும் என்ற பயம் ஆதாரமற்றது என்பதற்கு அது போதிய சாட்சி.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு, 276 பவுணுக்கு 5,000 பேர் சீட்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதைப் பாதி விலையாக்கி 138 பவுணுக்கு 10,000 பேர் வாங்கினால் பெட்டியில் விழுவது அதே 13 இலட்சத்து 80 ஆயிரம் பவுண்தான். ஆனால் இரண்டாவது கணக்கில் மைதானத்தில் இரண்டு மடங்கு தொண்டைகள் இருக்கின்றன. தேநீர்க் கடையில் இரண்டு மடங்கு வியாபாரம் நடக்கிறது. அடுத்த ஆண்டுச் சீட்டுக்கு இரண்டு மடங்கு கைகள் நீளுகின்றன. 25,000 பேர் இருக்கக் கூடிய மைதானத்தில் 9,000 பேர் சிதறி உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் மனச்சோர்வு தரும் காட்சி வேறில்லை.

சுன்னாகம் சந்தைக்கு விடியற்காலையிற் கத்தரிக்காய் கொண்டு செல்லும் கமக்காரனுக்கு இதனை நாம் விளக்கத் தேவையில்லை. உச்சிப் பொழுதுக்குள் விலைபோகாத கத்தரிக்காய் கடைசியில் ஆட்டுக்குத் தீனியாகும். விலைபோகாத ஆசனமோ ஆட்டுக்கும் உதவாது. நடுவர் கடைசி விசிலை ஊதிய அக்கணமே அது அழிந்துபோகிறது. கமக்காரன் பத்து மணிக்கு விலையை இறக்குகிறான். அவன் தருமம் செய்யவில்லை. அவன் கணக்குத் தெரிந்தவன்.

இளைஞனை மலிவாக உள்ளே விடுவது இன்று கண்டுபிடிக்கப்பட்ட புதுமையுமன்று. 1890இல் இங்கிலாந்து உதைபந்தாட்ட லீக், வாயிற் கட்டணம் ஆறு பென்ஸுக்குக் கீழே இறங்கலாகாது என்று விதித்தபோது பெண்களையும் சிறுவரையும் அவ்விதியிலிருந்து விலக்கியே வைத்தது. 1885இல் பிரெஸ்டன் கழகம் பெண்களை இலவசமாக விட்டபோது இரண்டாயிரம் பேர் வந்து சேர்ந்த கதை அந்நாட்டு உதைபந்தாட்ட வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. லிவர்பூல் நகரின் மைதானங்களிற் சிறுவருக்கென்றே வேலியிட்ட பகுதி இருந்தது. சில்லறைக் காசு கொடுத்து உள்ளே போன பையன் வளர்ந்ததும் வேலி தாண்டிப் பெரியவர்களோடு நிற்பான். ஆட்டம் முடியுந் தறுவாயில் வெளியே போவோருக்காக வாயில்களைத் திறந்துவிடும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது. காசில்லாத பிள்ளைகள் அந்நேரம் பார்த்து உள்ளே ஓடிக் கடைசிச் சில நிமிடங்களைப் பார்த்தார்கள். கழகங்கள் இதைக் களவென்று கருதவில்லை. அந்தப் பிள்ளைகள்தாம் பத்து ஆண்டுகளின் பின் முழுக் காசு கொடுத்து வரப்போகிறவர்கள் என்பதை அறிந்திருந்தன.

இவ்விடத்தில், சட்டம் படித்த கண்ணுக்குத் தப்பாத ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1890களிலேயே அந்நாட்டுக் கழகங்கள் பல கம்பனிகளாகப் பதிவு பெறத் தொடங்கிவிட்டன. கம்பனியானால் இலாபவேட்டை வரும் என்பதை உணர்ந்த உதைபந்தாட்டச் சங்கம் தன் விதிகளில் ஒரு தடையை இட்டது. பின்னாளில் அது 34ஆம் விதியென வழங்கிற்று. பங்குதாரருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேல் இலாபப் பங்கு கொடுக்கலாகாது. பணிப்பாளர் சம்பளம் பெறலாகாது. கழகம் கலைக்கப்படின் மிஞ்சிய சொத்து பங்குதாரர் மடியில் விழாது, விளையாட்டுக்கோ தரும காரியத்துக்கோ செல்லும். 1920இல் அந்த ஐந்து ஏழரையாயிற்று. பெயரளவிற் கம்பனி, உள்ளத்தில் ஊர்ச் சொத்து என்ற இந்த ஏற்பாடு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நிலைத்தது. 1983இல் இலண்டனின் ரொட்டன்ஹாம் கழகத்தார் ஒரு சூழ்ச்சி செய்தனர். கழகத்தின் தலைமேல் இன்னொரு கம்பனியை நிறுவி, அந்த மேற்கம்பனியின் பங்குகளைச் சந்தையில் விற்றனர். விதி கழகத்தைக் கட்டுப்படுத்தும். கழகத்தை உடைமையாகக் கொண்ட கம்பனியைக் கட்டுப்படுத்தாதாம்! சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொன்ற வேலைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சட்டக் கல்லூரியிலும் கிடைப்பது அரிது. சங்கம் வாளாவிருந்தது. மற்றக் கழகங்கள் பின்தொடர்ந்தன.

அடுத்த அடி 1989 ஏப்ரலில் விழுந்தது. ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ மைதானத்தில் நெரிசலில் அகப்பட்ட லிவர்பூல் ஆதரவாளர்களில் 97 பேர் மாண்டனர். விசாரணை நடத்திய நீதியரசர் டெய்லர் 1990 ஜனவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், பெரிய மைதானங்களில் எல்லாரும் ஆசனத்தில் இருந்தே பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். அதே அறிக்கையில், ஆசனம் போடுவதைச் சாட்டி விலையை வானத்துக்கு ஏற்ற வேண்டியதில்லை என்பதையும் குறிப்பிட்டு, கிளாஸ்கோ நகரின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் ஆசனத்துக்கு 6 பவுணும் நிற்பதற்கு 4 பவுணும் வாங்குவதை எடுத்துக் காட்டினார். கழகங்கள் அறிக்கையின் முதற் பாதியை நிறைவேற்றின, மறுபாதியை மறந்தன. 1989–90 பருவத்தில் லிவர்பூல் மைதானத்தில் ஆகக் குறைந்த கட்டணம் 4 பவுண்; 2011இல் அது 45 பவுண். மான்செஸ்டர் யுனைற்றெட்டில் மூன்றரைப் பவுண் 28 பவுணாயிற்று. அதே காலத்தில் அந்நாட்டின் பொது விலைவாசி இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை.

இந்த உயர்வு யாரை முதலில் வெளியே தள்ளிற்று? முதியவரையன்று, பழக்கம் முற்றிய முதியவர் பட்டினி கிடந்தாவது வருவார். தள்ளப்பட்டவன் பதினாறு வயதுப் பையன். முன்னர் தகப்பனோடு வந்தவன், இனித் தன் தோழர்களோடு வரவேண்டிய வயதில், விலையைப் பார்த்துத் திரும்பிப் போனான். போனவன் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தான். அதற்குப் பின் தன் ஊர்க் கழகம் எதற்கு? திரையில் எந்தக் கழகம் வெல்கிறதோ அதுவே அவனுக்குச் சொந்தக் கழகம். சிறிய ஊர்க் கழகங்கள் இழந்தது ஒரு சீட்டின் விலையை மட்டுமல்ல. அந்தப் பையனின் பிள்ளையையும் பேரனையும் சேர்த்தே இழந்தன.

எதிர்ப்பும் எழாமலில்லை. 2016 பெப்ரவரியில், புதிதாகக் கட்டப்பட்ட கொட்டகையில் ஆகக் கூடிய விலை 77 பவுண் என்று லிவர்பூல் முதலாளிகள் அறிவித்தபோது, ஆதரவாளர் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் சந்தர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். கல் எறியவில்லை, கதவு உடைக்கவில்லை. எழுந்து நடந்தார்கள், அவ்வளவே. அவர்கள் எழுந்தபோது இரண்டு கோல்களால் முன்னின்ற லிவர்பூல், ஆட்டம் முடியுமுன் இரண்டையும் கொடுத்துச் சமநிலையில் வந்து நின்றது. சில நாட்களுக்குள் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையை மீட்டுக்கொண்டனர். அடுத்த மாதம், வெளியூரிலிருந்து வரும் ஆதரவாளரிடம் 30 பவுணுக்கு மேல் வாங்குவதில்லை என்று பிரிமியர் லீக் கழகங்கள் அனைத்தும் இணங்கின. ஒழுங்குபட்ட மக்கள் கூட்டம் அமைதியாக எழுந்து நடப்பதன் வலிமையை நமது வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் மலிவுச் சீட்டு என்று பெயர் சூட்டப்பட்டதையெல்லாம் நாம் வரவேற்க மாட்டோம். தூண்டிற் புழுவும் மீனுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கூட்டம் வராத ஒரு செவ்வாய்க்கிழமை இரவுக்கு மாத்திரம் பள்ளிப் பிள்ளைகளை இலவசமாக அழைத்து, படத்துக்குக் கூட்டம் காட்டிவிட்டு, பெரிய ஆட்டத்தன்று அதே பிள்ளைகளை வாயிலில் நிறுத்துகிற கழகங்கள் உண்டு. பிள்ளைக்கு ஒரு பவுண், கூட வரும் தகப்பனுக்கு நாற்பது பவுண் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பிள்ளை தனியே பஸ் ஏறி வருமா? இவற்றுள் ஆகக் கொடியது வயதுக் கணக்கு. பதினேழு வயது வரை தம்பி என்று அழைத்துவிட்டு, பதினெட்டாவது பிறந்த நாளன்று ஐயா என்று அழைத்து முழு விலை கேட்பது. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், கையில் காசு ஆகக் குறைந்து நிற்கும் காலத்திலேதான் இந்த அடி விழுகிறது. பழக்கம் அறுந்துபோவதும் அப்போதே.

சலுகை வேறு, வாக்கு வேறு. சலுகையை நாளைக்கே மீட்டுக்கொள்ளலாம். வாக்குக் கொடுத்தவன் அதனால் கட்டப்படுகிறான். பிராட்போர்ட்டின் அயலூரான ஹடர்ஸ்பீல்டைப் பாருங்கள். 1924 முதல் 1926 வரை தொடர்ந்து மூன்று முறை நாட்டின் லீக் வெற்றியைப் பெற்ற முதற் கழகம் அது. பிற்காலத்தில் மூன்றாம், நான்காம் பிரிவுகளில் அலைந்து திரிந்தது. 1908இல் நிறுவப்பட்ட அக்கழகம் தன் நூற்றாண்டையொட்டி 2008–09 பருவச் சீட்டை 100 பவுணுக்கு விற்றது. பின்னர் தலைவராக வந்த டீன் ஹோயில், கீழ்ப்படியிலே கிடந்த காலத்திலிருந்து இடைவிடாது சீட்டு வாங்கி வருகிறவர்களுக்கு, கழகம் என்றேனும் பிரிமியர் லீக்கை எட்டினால் அங்கும் 100 பவுணுக்கே சீட்டு என்று வாக்களித்தார். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். மூன்றாம் பிரிவுக் கழகத்தின் தலைவர் வானத்து நிலாவைப் பங்கு போட்டாற் போன்ற பேச்சு அது. 2017இல் கழகம் உண்மையிலேயே பிரிமியர் லீக்குக்கு ஏறிற்று. ஆசனத்துக்கு எந்த விலை கேட்டாலும் கொடுக்க ஆளிருந்த அந்தப் பருவத்தில், ஹோயில் தம் வாக்கைக் காப்பாற்றினார். எழுதி முத்திரையிட்ட ஒப்பந்தங்களை மீறுவதற்கு வழி தேடி நமது அலுவலகங்களுக்கு வருகிறவர்கள், மேடையிற் சொன்ன சொல்லுக்காக இலாபத்தை விட்ட இம்மனிதரை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, விலையை இறக்கியதும் வாலிபர் கூட்டம் தானே வந்து நிறைந்துவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. வலி பரேட் மைதானம் நிற்கும் மனிங்ஹாம் பகுதியில் இன்று பெரும்பான்மையோர் பாக்கிஸ்தானிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களும் அவர்தம் மக்களுமாவர். ஆலைகள் அழைத்து வந்தன, ஆலைகள் மூடின, மக்கள் தங்கினர். 2001 ஜூலையில் அப்பகுதித் தெருக்களிற் கலவரம் மூண்டது. அங்கு வளரும் பிள்ளைக்கு மைதானத்து விளக்கு வீட்டு யன்னலிலிருந்தே தெரியும். ஆனால் உள்ளே இருப்போரின் முகங்களோ வெகுகாலமாக வேறு முகங்கள். சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்தின் மைதான வாயில்களில் நிறவெறிக் கட்சியார் பத்திரிகை விற்று நின்றதைக் கண்ட தகப்பன், ஆறு பவுண் என்றவுடன் மகனை அனுப்பிவிடுவானா? 2015 அளவில் அப்பகுதி வங்காளதேசத்துக் குடும்பங்களிடையே ‘பங்களா பான்ரம்ஸ்’ என்றொரு ஆதரவாளர் குழு தோன்றிற்று. பான்ரம்ஸ் என்பது கழகத்தின் செல்லப் பெயர். தாய்மாரும் பெண்பிள்ளைகளும் கூட்டமாகச் சேர்ந்து உள்ளே போய் உட்கார்ந்தனர். குறைந்த விலை கதவைத் திறந்து வைத்திருந்தது. கையைப் பிடித்து அழைத்துப் போக ஆட்கள் வேண்டியிருந்தது. இனத்தாற் சிறுபான்மையினராய் ஒரு பொது இடத்தின் வாயிலில் தயங்கி நின்ற அனுபவமுடையவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

ஜெர்மானியர் இவ்விஷயத்தைச் சட்டத்தாற் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கு 1998இற் கழகங்கள் கம்பனியாக மாறலாம் என அனுமதித்தபோதே, வாக்குரிமையிற் பாதிக்கு மேல் கழக அங்கத்தவர் கையிலேயே இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். விலக்குகள் சில உண்டு. டோர்ட்மண்ட் மைதானத்தின் தென்புற மேட்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். மாணவனும் கூலிக்காரனும் கொடுக்கக் கூடிய விலையே அங்கு வாங்கப்படுகிறது. பல நகரங்களிற் சீட்டைக் காட்டினால் அன்றைய பஸ், ரயில் பயணமும் இலவசம். பிரித்தானியப் பாராளுமன்றமோ 2025இலேதான் உதைபந்தாட்ட நிருவாகச் சட்டத்தை நிறைவேற்றிச் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவரை ஏற்படுத்திற்று. கழகங்கள் ஆதரவாளரோடு கலந்தாலோசிக்க வேண்டிய விஷயங்களிற் சீட்டு விலையும் அடங்கும். விலைக்கு உச்சவரம்பு இல்லை. ஆலோசனை கேட்கும் கடமையிலிருந்து ஆலோசனைப்படி நடக்கும் கடமை எவ்வளவு தூரத்திலிருக்கிறது என்பதைச் சட்டவாதிகள் அறிவர். எனினும், 1983இற் சங்கம் கோட்டைவிட்டதை நாற்பது ஆண்டுகளின் பின்னாவது சட்டம் தேடத் தொடங்கியிருக்கிறது.

நாவாந்துறையிலும் குருநகரிலும் பாசையூரிலும் இளவாலையிலும் மன்னாரிலும் உதைபந்தாட்டத்தை உயிராய்க் கொண்ட ஊரவர் இதை வாசிக்கக் கூடும். நமது கழகங்களின் பல ஆட்டங்களை இன்றும் கயிற்றுக்கு வெளியே நின்று காசின்றிப் பார்க்கலாம். அந்த மட்டில் நாம் இங்கிலாந்துக்கு முன்னே நிற்கிறோம். ஆனால் மின்னொளியும் மதிலும் பார்வையாளர் கொட்டகையும் வரத் தொடங்கிவிட்டன. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து ஊரவர் அனுப்பும் பணம் அவற்றுக்கு உதவுகிறது. அது நல்லதே. மதில் எழும்பினால் வாயில் வரும்; வாயில் வந்தால் விலையும் வரும். மறுபுறத்தில், லிவர்பூல் சட்டை அணிந்து சைக்கிளில் போகும் நமது பையன், இரண்டு மைல் தூரத்தில் தன் ஊர்க் கழகம் ஆடுவதை அறியாமலே வீடு சேர்கிறான்.

மதில் எழுமுன் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த வருடாந்தப் பொதுக் கூட்டத்திற் கழக யாப்பில் இவ்வளவைச் சேர்த்துக்கொள்ளலாம்: பள்ளி மாணவருக்கும் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கும் வாயிற் கட்டணம் வளர்ந்தோர் கட்டணத்தின் காற்பங்குக்கு மேற்படலாகாது, இறுதியாட்டத்துக்கும் இதுவே விதி, இதனை மாற்றுவதற்குச் செயற்குழுவுக்கு அதிகாரமில்லை, பொதுக் கூட்டத்தில் வந்திருப்போரின் மூன்றிலிரண்டு பங்கு வாக்கு வேண்டும். வேறொரு சங்கமோ கம்பனியோ மைதானத்தைப் பொறுப்பேற்பின் அதனையும் இவ்விதி கட்டும் என்ற வாசகத்தை விட்டுவிட வேண்டாம். ரொட்டன்ஹாம் புகுந்த ஓட்டை அதுதான். திருத்தத்தைப் பிழையின்றி எழுதிக் கொடுக்க ஊர்தோறும் நியாயவாதிகள் இருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காவது அவர்கள் கட்டணம் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.